பர்மிங்காமில் பிறந்த புறநானூற்று ஆய்வு

சங்கப் பாடல்களை ஆராய ஈழத்திலிருந்து புறப்பட்ட க. கைலாசபதி போய்ச் சேர்ந்தது ஒரு கிரேக்க மொழிப் பேராசிரியரிடம். கொழும்பில் ‘தினகரன்’ நாளேட்டின் ஆசிரியராக இருந்து, பிறகு பல்கலைக்கழக விரிவுரையாளரானவர் அவர். 1960-களில் முனைவர் பட்டத்துக்கு பர்மிங்காம் பல்கலைக்கழகம் சென்றபோது அவருக்கு வாய்த்த வழிகாட்டி ஜார்ஜ் தாம்சன்.

தாம்சன் விசித்திரமான அறிஞர். இளமையிலேயே அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குப் போய், மீனவர்களோடு பழகி ஐரிஷ் கற்றவர். அங்கே சாதாரணப் பேச்சிலேயே கவிதை புழங்குவதைக் கேட்டபின் ஹோமர் அவருக்குப் புதிதாகப் புரிந்தார். அத்தீவுக்காரர் ஒருவரின் தன்வரலாற்றை, நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1933-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மார்க்சியவாதியும்கூட. கைலாசபதிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கிரேக்க ஆய்வில் அப்போது பெரிய சச்சரவு நடந்துகொண்டிருந்தது. அதைக் கிளப்பியவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். அக்கிலீஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஹோமர் அவனை ‘விரைந்த காலன்’ என்கிறாரே, ஏன்? 1928-இல் பாரிஸில் அளித்த ஆய்வில் பாரி சொன்ன விடை: அந்த அடைமொழி அக்கிலீஸின் அப்போதைய நிலையைச் சொல்ல வந்ததல்ல, யாப்பில் அந்த இடத்தை நிரப்பும் ஆயத்தத் தொடர். இதைச் சோதிக்க 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவில் எழுதப்படிக்கத் தெரியாத பாணர்களின் பாட்டைப் பதிவு செய்தார். அவர்கள் ஆயிரக்கணக்கான அடிகளை நெட்டுருப் போடாமல், பாடும்போதே கட்டினார்கள். பாரி 33 வயதில் இறந்துபோனார். மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-இல் அந்த ஆய்வை நூலாக்கினார்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இந்த அடைமொழிகள் தலைவலிதான். ரியூ 1950-இல் ஹோமரின் இலியட்டை நாவல்போல ஓடும் உரைநடையாக்கினார். அடுத்த ஆண்டே வெளிவந்த லாட்டிமோர் மொழிபெயர்ப்பு, திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளை அப்படியே விட்டது. ஆங்கில வாசகருக்கு அலுக்கும். ஆனால் பாணன் அதில் இருக்கிறான்.

கைலாசபதி பாரியின் இந்தக் கருவியைப் புறப்பாடல்களின்மேல் வைத்தார். நெடுந்தேர், கடுமான், வெல்போர் என்று மன்னனுக்கு மன்னன், புலவருக்குப் புலவர் ஒரே தொடர்கள் வருகின்றன. நம் உரைமரபு ஒவ்வோர் அடைமொழிக்கும் அந்தந்த இடத்துக்கேற்ற காரணம் தேடும். அவர் அவற்றைப் பாணர், பொருநர், விறலியர் கையாண்ட பொதுச் சேமிப்பாகப் பார்த்தார். நான் இதைப் படித்தது செகந்திராபாத்தின் லோத்குண்டாவில் இருந்துகொண்டு. வாசலை ஒட்டிய கரீம்நகர் சாலை வழியாகத்தான் கொமுரவெல்லி மல்லண்ணன் கோயிலுக்குப் போவார்கள். அந்த மல்லண்ணன் கதையை ஒக்கு கதைக்காரர்கள் இன்றும் உடுக்கை ஒலிக்கப் பாடி நடிக்கிறார்கள். அடுத்த அடியை யோசிக்கும் அவகாசத்தைப் பழகிய தொடர் ஒன்று வாங்கித் தருவதைத் தெலுங்கு அரைகுறையாகத் தெரிந்தவரும் உணரலாம்.

கைலாசபதியின் ஆய்வேடு ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன் அச்சகத்தில் 1968-இல் ஆங்கில நூலாக வந்தது. உலக வீரயுகக் கவிதைகளின் வரிசையில் தமிழுக்கு ஓர் இருக்கை போட்ட நூல் அது.

இருக்கை சரியாகப் பொருந்தியதா? எனக்கு ஐயம் உண்டு. இலியட் பதினைந்தாயிரம் அடிகளைத் தாண்டும் ஒரே கதை. புறநானூறோ நானூறு தனிப்பாடல்கள்; பல ஒரு பக்கத்துக்குள் முடியும். மேடையில் இரவு முழுக்க இழுக்கப் பயன்படும் உத்தி, இவ்வளவு செறிவான பாட்டுக்கு எதற்கு? தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வந்த தம் நூலில் வேறு வழி காட்டினார்: பாடியவர்கள் கற்ற புலவர்களே; பாணர் மரபை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு பாடினார்கள். எனக்கு இதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் புலவனுக்குப் பின்னால் பாணனைத் தேட வேண்டும் என்ற எண்ணத்தை இவ்வளவு விரிவாக நிறுவியவர் கைலாசபதிதான். அவர் தோற்ற இடத்தில் நின்றுதான் ஹார்ட் பேசுகிறார்.

பின்னர் கா. சிவத்தம்பியும் அதே தாம்சனிடம் போய், பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார். கைலாசபதி 1982-இல், ஐம்பது வயது நிறையுமுன் காலமானார். ஆங்கிலம் தெரியாத தமிழ் வாசகர் கைக்கு அவர் நூல் ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ என்ற பெயரில் வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.