கத்தீஷ்

பெற்றோரையோ நெருங்கிய உறவினரையோ இழந்த யூதர்கள் துக்ககாலத்தில் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லும் வேண்டுதல் கத்தீஷ் எனப்படும். அரமேய மொழியில் 'புனிதமானது' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இவ்வேண்டுதல், அதன் வழக்கமான வடிவில், சாவைப் பற்றியோ இறந்தவரைப் பற்றியோ ஒரு சொல்லும் கூறுவதில்லை. இறைவனின் பெயரைப் போற்றி, அவரது ஆட்சி வர வேண்டும் என விழைந்து, அமைதியை வேண்டி முடிகிறது.

தொடக்கத்தில் கத்தீஷுக்கும் துக்கத்திற்கும் தொடர்பு இருந்ததில்லை. மறைநூலைக் கற்பித்து முடித்த ஆசிரியர் இறைவனைப் போற்ற, கேட்டவர்கள் மறுமொழியாக வாழ்த்தொலி எழுப்பிய வழக்கத்திலிருந்து அது வளர்ந்தது. அம்மறுமொழியின் சிறப்பைத் தல்மூத் என்னும் சமயச் சட்டத் தொகுப்பே பேசுகிறது. பொதுமக்கள் பேசிய அரமேயத்தில் கத்தீஷ் அமைந்ததற்கும், மக்களுக்குக் கற்பித்த அவ்வழக்கத்திலிருந்து அது வளர்ந்ததே காரணமாகக் கூறப்படுகிறது.

துக்கத்திற்குரிய கத்தீஷ் ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரை யூதரிடையே இடைக்காலத்தில் உருப்பெற்றது. 1096இல் முதலாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதக் குடிகளைக் கொன்றழித்த பேரிழப்போடு வரலாற்றாசிரியர் பலர் இதை இணைக்கின்றனர்; காலப்பொருத்தம் வலுவானதே எனினும் நேரடிச் சான்று குறைவு. 13ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ஐசக் பென் மோசே, தொழுகையின் முடிவில் தந்தையற்ற பிள்ளை எழுந்து கத்தீஷ் சொல்லும் பொகீமிய, ரைன் பகுதி வழக்கத்தைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். இறந்துபோன பாவி ஒருவனின் மகனுக்குப் பண்டைய யூத அறிஞர் ரபி அகிவா தொழுகை கற்பிக்க, மகனின் குரலால் தந்தை தண்டனையிலிருந்து விடுபட்டான் என்னும் பழங்கதை இவ்வழக்கத்திற்கு வேராகக் காட்டப்படுகிறது. வயது நிரம்பாத சிறுவர் தொழுகையை முன்னின்று நடத்த இயலாது என்பதால், அவர்களும் சொல்லக்கூடியதாக இருந்த இவ்வேண்டுதல் 'அநாதையின் கத்தீஷ்' என்றே பெயர் பெற்றது. மகனையே 'கத்தீஷ்' என்று அழைக்கும் வழக்கமும் இத்திஷ் மொழியில் உண்டு.

தீயோருக்கான நரகத் தீர்ப்பு 12 மாதம் நீடிக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஆண்டு முழுவதும் கத்தீஷ் சொன்னால் பெற்றோரைத் தீயோர் என்று பிள்ளையே அறிவித்ததாகிவிடும் என்ற கூச்சத்தால், 11 மாதத்தோடு நிறுத்தும் வழக்கம் ஏற்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் ரபி மோசே இசர்லெஸ் அதைச் சட்டநூலில் பதித்தார். சட்ட நுணுக்கத்தின் வழியாகப் பாசம் பேசிய அரிய இடம் இது.

கத்தீஷைத் தனியே சொல்ல இயலாது என்பதே அதன் உயிர்நாடி. மினியான் எனப்படும் பத்துப் பேர் கூடினால்தான் அது சொல்லப்படும். அடக்கத்திற்குப் பின் ஷிவா என்னும் ஏழு நாள் துக்கம் காப்போர் வெளியே செல்லாதிருக்க, அயலார் அவர்கள் வீட்டிற்கே உணவுடன் வந்து தொழுகைக்கான எண்ணிக்கையையும் நிறைவு செய்கின்றனர். ஷிவா முடிந்தபின் துக்கம் காப்பவரே நாள்தோறும் வெளியே வந்து பிறரிடையே நின்றாக வேண்டும். மனம் ஒப்பாத நாளிலும் வாய் போற்ற, சூழ நிற்போர் மறுமொழி தருகின்றனர். இறைவன்மேல் சினம் கொண்டவருக்கும் இதில் இடம் இருப்பது, உணர்ச்சியைக் கேட்காமல் வருகையை மட்டும் கேட்கும் இவ்வமைப்பால்தான் எனலாம்.

நெடுங்காலம் இக்கடமை ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்டது. 1916இல் ஹதாசா என்னும் யூதப் பெண்கள் அமைப்பின் நிறுவனர் ஹென்ரியேட்டா சோல்டின் தாய் இறந்தபோது, அவருக்காகக் கத்தீஷ் சொல்ல நண்பர் ஒருவர் முன்வந்தார். எட்டு மகள்களையே பெற்ற தம் பெற்றோர் மகன் இல்லையென்று வருந்தியதில்லை என்று கூறி, அக்கடமையைத் தாமே ஏற்பதாகச் சோல்ட் நன்றியுடன் மறுத்தெழுதிய மடல், பெண்களின் சமய உரிமை வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

நாஜிகளின் இனப்படுகொலைக்குப் பின், உறவினர் இறந்த நாளையே அறியாத எண்ணற்றோர் எஞ்சினர். நினைவுநாள் இல்லாத அவர்களுக்காக, எருசலேமின் முற்றுகை தொடங்கியதை நினைவுகூரும் பழைய நோன்புநாளான, யூத நாட்காட்டியின் தேபேத் மாதத்துப் பத்தாம் நாளை இஸ்ரேலின் தலைமை ரபிகள் பொதுக் கத்தீஷ் நாளாக அறிவித்தனர்.