யாழ். மாநகர முதல்வர் ஆசனம்

1998 ஜனவரி 29 ஆம் திகதி யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. கொழும்பில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் அன்றிரவு நான் பணியிலிருந்தேன். முடிவுகள் தொலைநகலில் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தன. வாக்களித்தோர் தொகையைப் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர், "இதற்கு வெற்றி என்று தலைப்புப் போடலாமா?" என்று கேட்டார். போட்டோம்.

அதற்கு முந்திய தேர்தல் 1983 மே 18 இல் நடந்தது. அதைப் பகிஷ்கரிக்குமாறு புலிகள் கோரியிருந்தனர். வேட்பாளர்கள் சிலர் கொல்லப்பட்டனர். வாக்குச் சாவடிகள் வெறிச்சோடின. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் மாநகர சபைக்குத் தேர்தல் இல்லை. 1995 இல் இராணுவம் யாழ். நகரைக் கைப்பற்றியது. இடம்பெயர்ந்த மக்கள் மெல்லத் திரும்பிவந்த பின்னர்தான் அரசாங்கம் இத்தேர்தலை அறிவித்தது. சிவில் நிர்வாகம் மீண்டுவிட்டதாக உலகுக்குக் காட்டும் தேவை அதற்கு இருந்தது. அந்தத் தேவைக்கு மக்கள் வாக்களித்தார்கள் என்று நான் கருதவில்லை. வடிகால், தெருவிளக்கு, சந்தை ஆகியவற்றுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும் என்று எண்ணியவர்கள் வாக்களித்தார்கள்.

மாநகர சபையில் தமிழர் விடுதலைக் கூட்டணி கூடிய வாக்குகளைப் பெற்றது. அக்கால விகிதாசார முறைப்படி கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்கே முதல்வர் பதவி உரியது. அவ்வாறு திருமதி சரோஜினி யோகேஸ்வரன் யாழ்ப்பாணத்தின் முதலாவது பெண் முதல்வரானார். அவரது கணவர், முன்னாள் யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரன், 1989 ஜூலை 13 இல் அமிர்தலிங்கத்துடன் கொழும்பில் கொல்லப்பட்டவர். அந்த இழப்பின் பின்னும் அவர் இந்தப் பொறுப்பை ஏற்றார். தேர்தல் நடந்து நான்கு மாதங்கள் நிறையுமுன், மே 17 ஆம் திகதி, தமது வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அவரையடுத்து சட்டத்தரணி பொன். சிவபாலன் முதல்வரானார். செப்டெம்பர் 11 ஆம் திகதி, நல்லூரில் இயங்கிய மாநகர சபைக் கட்டடத்தில், நகரப் போக்குவரத்து ஒழுங்குகள் பற்றிப் படை, பொலிஸ் அதிகாரிகளுடன் கலந்துரையாடிக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. சிவபாலனும் நகரின் இராணுவத் தளபதி பிரிகேடியர் சுசந்த மென்டிஸும் வேறு பலரும் மாண்டனர். எந்த வீதியில் எந்தத் திசையில் வாகனம் செல்லவேண்டும் என்று பேசுவதற்காகக் கூடியவர்கள் அவர்கள்.

இரு கொலைகளுக்கும் புலிகளே பொறுப்பு என்று பரவலாகக் கருதப்பட்டது. எமது பத்திரிகையிலோ "இனந்தெரியாதோர்" என்றே எழுதினோம். அச்சொல்லை என் கையால் எத்தனை தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேனோ தெரியாது. யாழ்ப்பாணத்தில் எமக்குச் செய்தி அனுப்பியவர்களின் உயிர் அதில் தங்கியிருந்தது என்று அன்று சொல்லிக்கொண்டோம். அது பொய்யல்ல. முழு உண்மையுமல்ல, எமக்கும் பயம் இருந்தது.

இந்த ஆசனத்தில் முதலில் இரத்தம் படிந்தது 1975 இல். அவ்வாண்டு ஜூலை 27 ஆம் திகதி முதல்வர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் கொல்லப்பட்டார். அவரைத் துரோகி என்று அழைத்த அரசியல் மேடைகளில் முன்னின்றோர் கூட்டணியினர். இருபத்து மூன்று ஆண்டுகளின் பின் அதே சொல் அவர்களையே தேடி வந்தது.

பின்னர் முதல்வரான ரவிராஜ், நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கையில் 2006 நவம்பர் 10 இல் கொழும்பில் சுடப்பட்டார். அவருக்குப் பின் வந்த செல்லன் கந்தையன் உயிரோடு பதவி துறந்தார். 2003 பெப்ரவரியில், புனரமைக்கப்பட்ட பொது நூலகத்தைத் திறக்க அவரது சபை செய்த ஏற்பாடு புலிகளின் எதிர்ப்பால் நின்றுபோனது. உறுப்பினர்கள் பதவி விலகினர். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவரின் பெயர் திறப்புவிழாக் கல்லில் பொறிக்கப்படுவதைச் சிலர் பொறுக்கவில்லை என்றும், காரணம் வேறு என்றும் அன்று எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

போர் முடிந்தபின் 2009 ஓகஸ்ட் 8 இல் மீண்டும் தேர்தல் வந்தது. ஒரு இலட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருந்தனர். வாக்களித்தவர்கள் சுமார் 22 சதவீதம். பதிவேட்டிலிருந்த பலர் ஊரில் இல்லை. அந்தத் தடவையும் நான் செய்தி மேசையில்தான் இருந்தேன். தலைப்பில் "வெற்றி" என்ற சொல்லை வெட்டிவிட்டு, வாக்களித்தோர் வீதத்தைப் போட்டேன்.