புரோத்தனும் எந்திரப்பியும்

வியன்னா நகரின் மத்திய மயானத்திலே, ஒரு கல்லறையின்மீது மரித்தவரின் பெயரோடு ஒரு சமன்பாடும் பொறிக்கப்பட்டிருக்கிறது. லுட்விக் போல்ட்ஸ்மான் என்னும் பௌதிக அறிஞரின் கல்லறை அது. வெளியே ஒரே நிலையிலுள்ளதாகத் தோன்றும் பொருளின் உள்ளே அணுக்கள் எத்தனை விதமாக அமைந்திருக்கக்கூடும் என்று எண்ணி, அவ்வெண்ணின் மடக்கையை எடுத்தால் எந்திரப்பி கிடைக்கும் என்பதே 1877இல் அவர் கண்ட உண்மை. கண்ணாற் காணவியலாத அணுவை ஏற்க மறுத்த ஏர்ண்ஸ்ட் மாக் போன்றோரோடு அவர் நெடுங்காலம் வாதிட்டார். 1906இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பெரென் என்பாரின் பரிசோதனைகள் அணுவின் உண்மையை நிலைநாட்டத் தொடங்கியது, அதற்கு இரண்டாண்டுகளின் பின்னரே.

அதே மடக்கைக் கணக்கு இன்று அணுக்கருவிலுள்ள புரோத்தனின் உள்ளே புகுந்திருக்கிறது.

1968இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வுகூடத்தில் இலத்திரன்களைப் புரோத்தனோடு மோதவிட்டபோது, அதனுள்ளே நுண்துணிக்கைகள் இருத்தல் புலனாயிற்று. பைன்மன் அவற்றைப் பார்ட்டன்கள் என்றார். குவார்க்குகள், குளுவோன்கள் என நாம் அறிபவை அவையே. இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. முழுப் புரோத்தனும் ஒரே குவாண்ட நிலையிலுள்ளது. ஆகவே அதன் எந்திரப்பி பூச்சியம். பார்ட்டன்களோ சுயேச்சையானவை எனக் கொள்ளப்படுவன. அத்தகைய கூட்டத்துக்கு எந்திரப்பி இருந்தே தீரும். அது எங்கிருந்து வந்தது?

2017இல் கார்சேவ், லெவின் என்னும் இருவர் விடை கூறினர். இலத்திரன் காண்பது புரோத்தனின் ஒரு பகுதியையே. கண்ட பகுதியும் காணாத பகுதியும் பின்னிப் பிணைந்திருப்பதால், கண்ட பகுதிக்கு எந்திரப்பி உண்டாகிறது. முழுமையில் ஐயமில்லை, பகுதியில் உண்டு! அன்றாட வாழ்வின் உவமை எதுவும் இதற்குப் பொருந்தாது என்பது என் கருத்து. உந்தத்தின் மிகச் சிறு பங்கையே தாங்கும் பார்ட்டன்களை நோக்குமிடத்து, அவற்றின் எண்ணிக்கையின் மடக்கையே அவ்வெந்திரப்பி என்றனர்.

சோதனைக்கு வேண்டிய தரவுகள் முன்னரே இருந்தன. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில், நிலத்தின் கீழ் 6.3 கிலோமீற்றர் சுற்றளவுள்ள ஹேரா மோதுகருவி 1992 முதல் 2007 வரை இயங்கியது. எத்தனை மோதல்களில் எத்தனை துணிக்கைகள் வெளிப்பட்டன என்ற விகிதத்திலிருந்து எந்திரப்பியைக் கணித்து, 2021இல் ஆய்வாளர் வெளியிட்டனர். குளுவோன்களை மட்டும் எண்ணிச் சொன்ன முன்கூற்று அதனோடு பொருந்தவில்லை. குவார்க்குகளை எண்ணியபோது நெருங்கி வந்தது. தோற்றபின் எண்ணை மாற்றுவது முறையா எனக் கேட்கலாம். ஆயினும் மின்னேற்றமற்ற குளுவோனை இலத்திரன் நேரே தாக்குவதில்லை. அது தாக்குவது குவார்க்கையே. ஆகவே மாற்றத்துக்கு நியாயமுண்டு. ஐயம் முற்றாக நீங்கிற்று என்று மட்டும் கூறேன். அமெரிக்காவின் புரூக்கேவனில் அமையவிருக்கும் இலத்திரன்-அயன் மோதுகருவியில் இக்கணக்கு மீண்டும் சோதனைக்கு வரும்.