நீரால் குளிர்தல்: கணினி வெப்பத்தின் இடப்பெயர்ச்சி பற்றிச் சில குறிப்புகள்

விசாகப்பட்டினத்தில் 5 ஆண்டுகளில் 15 பில்லியன் டாலர் செலவில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் அமைக்கவிருப்பதாகக் கூகுள் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அதுமுதல் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் தரவு மையங்களின் தண்ணீர்த் தேவை குறித்த பேச்சு வலுத்துள்ளது. அப்பேச்சில் ‘நீர்க் குளிர்விப்பு’ என்ற ஒரே தொடர் இரண்டு எதிரெதிர்ப் பொருள்களில் வழங்குகிறது. ஒரு சாரார் அதைத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் முறை என்கின்றனர். மறு சாரார் அதையே தண்ணீர் செலவாகாத முறை என்கின்றனர். இரு சாராரும் வெவ்வேறு பொறிகளைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதே என் கருத்து. இக்குழப்பத்தைத் தெளிவுபடுத்தப் பெரிய தரவு மையத்தைவிட, ஆர்வலர்கள் தம் மேசைமேல் கட்டிக்கொள்ளும் சிறிய நீர்க்குளிர் கணினியே பொருத்தமான சான்று. அதன் வரலாறும் சுவையானது. நம் பக்கத்தில் அதைப் பற்றி எழுதியோர் குறைவு.

சிறிய பெட்டி என்றால் எவ்வளவு சிறியது? 2013 அளவில் ஆர்வலர்கள் கூட்டு நிதி திரட்டி உருவாக்கிய ‘என்கேஸ் எம்1’ என்னும் பெட்டியின் கொள்ளளவு 12.6 லிட்டர். அதன்பின் ஜெர்மனியில் வடிவமைக்கப்பட்ட ‘டேன் ஏ4’ 7.2 லிட்டர். அதாவது முன்னது நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்றின் அளவு. பின்னது ஏறக்குறைய அரைக்குடம். அந்த அரைக்குடத்துக்குள் தாய்ப்பலகை, மின்வழங்கி, வரைவியல் அட்டை யாவும் அடங்க வேண்டும். 2001இல் தைவானின் வியா நிறுவனம் 17 செ.மீ. சதுரமான ‘மினி-ஐடிஎக்ஸ்’ தாய்ப்பலகையை அறிமுகப்படுத்தியது. அது இருந்ததால்தான் இவ்வளவு சுருக்கம் இயன்றது.

இத்தகைய பெட்டியில் சிக்கல் வெப்பமே. செயலியும் வரைவியல் அட்டையும் சேர்ந்து 300 வாட் வெப்பம் உமிழ்வதாகக் கொள்வோம். அதைக் காற்றால் வெளியேற்றுவதெனில், காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குமேல் உயராதிருக்க, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 லிட்டர் காற்று அந்தக் குடத்துக்குள் புகுந்து வெளியேற வேண்டும். நீரெனில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டமே போதும்; அப்போதும் நீரின் வெப்பம் 4 டிகிரிச் சொச்சமே உயரும். கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால் நீர் காற்றைப் போல் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். செயலிமேல் ஒரு செப்புக் கட்டி, ஒரு பம்பு, ஒரு ரேடியேட்டர், இவற்றை இணைக்கும் குழாய்கள், ஒரு சிறு தொட்டி: இவ்வளவே அமைப்பு. உள்ளே சுழலும் நீர் பெரும்பாலும் 1 லிட்டருக்கும் குறைவு. ஒருமுறை நிரப்பினால் மாதக்கணக்கில் அதே நீர் சுற்றும். பேட்டரிக் கடையில் விற்கும் வடிநீர் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் வெண்படிவம் படிந்து கட்டியின் நுண்வழிகள் அடைபடும். செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் கலந்தால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரையத் தொடங்கும்.

இம்முறை ஆர்வலர்களின் கண்டுபிடிப்பன்று. 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாதிரி 91 நீரின் துணையுடன் குளிர்விக்கப்பட்டது. 1980இல் வெளிவந்த 3081 கணினியில் இக்கலை உச்சம் தொட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளைத் தாங்கிய ஒரு பீங்கான் தட்டு, ஒவ்வொரு சில்லின்மேலும் வில்சுருளால் அழுத்தப்பட்ட ஓர் உலோகத் தண்டு, இடைவெளியெங்கும் ஹீலியம், அதன்மேல் நீரோடும் குளிர்தகடு. சில்லைத் தொடாமலே நீர் அதன் வெப்பத்தை அள்ளிச்சென்றது. மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மன், பீஸ் என்ற இருவர் சிலிக்கானிலேயே 50 மைக்ரான் அகலத்தில் நுண்வாய்க்கால்கள் வெட்டி, ஒரு சதுர செ.மீ. பரப்பிலிருந்து 790 வாட் வெப்பத்தை நீரால் நீக்கிக் காட்டினர். இன்று கடைகளில் விற்கும் செப்புக் கட்டிகளின் உள்ளே மயிரிழை இடைவெளியில் அமைந்த சீவல்களைப் பார்க்கும்போது அந்த 1981ஆம் ஆண்டுக் கட்டுரையே எனக்கு நினைவுக்கு வரும்.

பின்னர் ஒரு முறிவு. 1990களில் பெருங்கணினிகள் இருமுனைவுச் சில்லுகளைக் கைவிட்டுச் சீமாஸ் சில்லுகளுக்கு மாறின. மின்செலவு வீழ்ந்தது, காற்றே போதுமென்றாயிற்று. பெருநிறுவனங்கள் குழாய்களைக் கழற்றிய அதே பத்தாண்டின் பிற்பகுதியில்தான், வீட்டுக் கணினியின் வேகத்தை அனுமதித்த அளவுக்குமேல் உயர்த்த விரும்பிய இளைஞர்கள் குழாய்களைப் பூட்டத் தொடங்கினர். கைவிடப்பட்ட நுட்பம் அடித்தளத்தில் உயிர்வாழ்வது தொழில்நுட்ப வரலாற்றில் புதிதன்று. அவர்கள் கையாண்ட பொருள்கள் வேறு துறைகளிலிருந்து கடன்பெற்றவை: மீன்தொட்டிப் பம்பு, பழைய கார்களின் ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர், கையால் துளையிட்ட செப்புத் துண்டு. பிற்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட லைங் பம்பும் வெந்நீர்க் குழாய்ச் சுற்றுகளுக்குப் பம்பு செய்த ஜெர்மானிய மரபிலிருந்து வந்ததே. குளிர்நாட்டு வீட்டின் வெப்பமூட்டும் உறுப்புகளே குளிரூட்டும் உறுப்புகளாயின எனலாம். (நம்மூர்க் காரில் ஹீட்டரை யார் தேடுவார்?) 2004இல் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி5 கணினியில் திரவக் குளிர்விப்பைச் சேர்த்தது; சில ஆண்டுகளில் அவற்றுள் பல கசிந்தன. மூடி முத்திரையிட்ட, நிரப்ப வேண்டாத சுற்றுகள் பரவியது அதற்குப் பிறகே.

இந்தியாவில் இக்கதை வேறு வழியில் சென்றது. இங்கே குளிர்ந்தது பொறியன்று, அறை. சுமார் 2,700 வெற்றிடக் குழல்களுடன் 1960இல் பம்பாயில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் ஆயினும், 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 1620 ஆயினும், ஜெர்மானிய உதவியில் 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 ஆயினும், கணினி என்றாலே குளிர்சாதன அறை என்பது நம் நிறுவனங்களில் பிரிக்கவொண்ணா இணையாயிற்று. 1990களில் பள்ளிக் கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சென்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூசிக்கு அஞ்சியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள் என்றாலும், குளிர்ந்து இருண்ட அந்த அறைக்கு ஒரு கருவறைத் தன்மை வாய்த்துவிட்டது.

வெப்பம் நம் நாட்டில் அரசியலாகவும் இருந்தது. 1980களில் வானிலைக் கணிப்புக்காக இந்தியா கேட்ட கிரே எக்ஸ்-எம்பி/24 கணினியை அமெரிக்கா தர மறுத்து, ஆற்றல் குறைந்த எக்ஸ்-எம்பி/14ஐயே அனுமதித்தது. அது புதுதில்லியில் இடைத்தூர வானிலைக் கணிப்புத் தேசிய மையத்தில் 1989இல் இயங்கலாயிற்று. கிரேயின் பொறிகள் அடர்த்தியாகப் பின்னப்பட்டவை. குளிர்பதனப் பொருள் உள்ளே ஓடினாலன்றி உருகிவிடும் இயல்பின. 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் 1991இல் வெளியிட்ட பரம் 8000, எளிய டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் பலவற்றை இணைத்து அந்த அடர்த்தியையே தவிர்த்தது. ஏற்றுமதித் தடைக்கு விடையாகவே பரம் கதை எப்போதும் சொல்லப்படுகிறது. அதை வெப்பத்துக்கான விடையாகவும் வாசிக்க இடமுண்டு என்பது என் துணிபு.

வீடுகளில் என்ன நடந்தது? குளிர்சாதனம் இல்லை. ஆகவே பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதன்பால் திருப்பிவைத்தோம். இதை ஏழ்மையின் தற்காலிக ஏற்பாடு என்று நகைப்போர் இயற்பியலைக் கவனிக்கவில்லை. நீர்ச்சுற்று எவ்வளவு செம்மையாயினும், ரேடியேட்டரைத் தழுவும் காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு நீரைக் கொண்டுசெல்ல இயலாது. 240 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று 300 வாட்டைச் சுமக்கும்போது, நீர் சுற்றுப்புறக் காற்றைவிட ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி கூடுதலாக நிற்கும். 25 டிகிரி அறையில் அது 35 முதல் 40, நன்று. அதே கணினியைச் சென்னை-திருப்பதிச் சாலையில், எலும்புமுறிவுக் கட்டுக்குப் பெயர்பெற்ற புத்தூரைத் தாண்டி வரும் வடமாலபேட்டையில், குளிர்சாதனமில்லா ஓர் அறையில் மே மாதப் பிற்பகலில் வையுங்கள். காற்றே 42 டிகிரி. நீர் 52 முதல் 57. அவ்வகைப் பம்புகளுக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் உச்சவரம்பு 60. இடம் இறுக்கமான அரைக்குடப் பெட்டியில் ரேடியேட்டருக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் உள்ளே ஏற்கெனவே சூடான காற்றே. ஆக, இக்கலையின் கையேடுகள் கூறும் வெப்ப அளவுகள் எல்லாம் 20 முதல் 25 டிகிரி அறையை மறைமுகமாக எடுத்துக்கொண்டவை. அந்த அறையை நமக்குத் தருவது குளிர்சாதனப் பெட்டிதான். மீண்டும் அறையைக் குளிர்விக்கும் பழைய முறைக்கே வந்துவிடுகிறோம்.

ஆனால் அதே வடமாலபேட்டையின் திண்ணையில் இருக்கும் மண்பானை அந்த 42 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காரணம், அது தன் நீரில் ஒரு பகுதியை இழக்கிறது. ஈரப்பதம் 25 விழுக்காடாக உள்ள 40 டிகிரிக் காற்றில், ஆவியாதலால் எட்டக்கூடிய கீழ்வரம்பு ஏறத்தாழ 24 டிகிரி. கடற்கரைச் சென்னையில் 35 டிகிரியும் 60 விழுக்காடும் எனில் அவ்வரம்பு 28. வெயில் கூடிய உள்நாட்டூரில் பானைத் தண்ணீர் சென்னையைவிடக் குளிர்ந்திருக்க முடியும். உலர்ந்த காற்றுதான் அங்கே கொடை.

பெரிய தரவு மையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் பல இந்தப் பானையின் மரபினவே. 1 கிலோவாட்-மணி வெப்பத்தை ஆவியாதலால் மட்டுமே நீக்க ஏறக்குறைய 1.5 லிட்டர் நீர் போக வேண்டும். 1 மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுதும் எனில் 36,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 3 நடை. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு லாரிக்காகக் காத்திருந்தோருக்கும், கண்டலேறு-பூண்டிக் கால்வாயில் எப்போது நீர் திறப்பார்கள் என்று ஆண்டுதோறும் செய்தி பார்ப்போருக்கும் இக்கணக்கின் எடை புரியும். எனவே சில்லைச் சுற்றி மூடிய நீர்ச்சுற்று ஓடுகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்தாலும், வினா முடிவதில்லை. அச்சுற்று தன் வெப்பத்தை இறுதியில் எதனிடம் ஒப்படைக்கிறது? உலர் ரேடியேட்டரிடமா, குளிர்பதனப் பொறியிடமா, ஆவியாகும் நீரிடமா? முதலாவதில் தண்ணீர் செலவில்லை. இரண்டாவதில் மின்சாரம் செலவு. மூன்றாவதில் ஆற்றுநீரோ நிலத்தடி நீரோ செலவு. என்விடியாவின் இன்றைய அடுக்கு ஒன்று சுமார் 120 கிலோவாட் உமிழ்கிறது. திரவம் தவிர வேறு வழியில்லை. ஆயினும் வெளிவாசலில் எது நிற்கிறது என்பதை நிறுவனங்களின் அறிக்கையில் தேடிப் படிக்க வேண்டும்.

ஐரோப்பியர் இதற்கு ஒரு விடை கண்டனர். சூரிக்கில் 2010இல் அமைந்த அக்வாசர் 60 டிகிரி நீரையே சில்லுகளுக்குச் செலுத்தி, வெளிவந்த வெப்பத்தைக் கட்டடங்களுக்குக் கொடுத்தது. மியூனிக் அருகே 2012இல் இயங்கிய சூப்பர்மக் 45 டிகிரி வரையிலான நீரை ஏற்றது. நீர் இவ்வளவு சூடாக இருக்கலாம் எனில் வெளிக்காற்றே அதை ஆற்றிவிடும். கோபுரமும் வேண்டாம், குளிர்பதனமும் வேண்டாம். 60 டிகிரி நீரை ஏற்கும் அமைப்புக்கு வடமாலபேட்டையின் 42 டிகிரியும் குளிர்காற்றுதான். கட்டடங்களைச் சூடாக்கும் தேவை மட்டும் நமக்கில்லை.

இங்கே மொழியியல் மாணவர்க்கு ஒரு சிறு விருந்து. ‘தண்ணீர்’ என்பது தண் + நீர். பெயரிலேயே குளிர்ச்சி உண்டு. நாளடைவில் தண்மை தேய்ந்து, வெறும் நீரைக் குறிக்கும் சொல்லாயிற்று. அதனால்தான் ‘சுடுதண்ணீர்’ என்று முரண் தோன்றாமல் கூறுகிறோம். குளிர்ந்ததைச் சுட்டப் ‘பச்சைத்தண்ணீர்’ என்று புதிதாய் ஓர் அடை தேவைப்படுகிறது. வடமாலபேட்டையில் தமிழுக்குப் பக்கத்திலேயே ஒலிக்கும் தெலுங்கிலோ ‘நீள்ளு’ பொதுச்சொல்லாய் நிற்க, ‘சன்னீள்ளு’ குளிர்நீரையும் ‘வேன்னீள்ளு’ வெந்நீரையும் இன்றும் தெளிவாகப் பிரிக்கின்றன. ‘தண்ணீர்க் குளிர்விப்பு’ என்று எழுதும்போது, குளிர்ச்சி நீரிலிருந்து வருவதாக நம் சொல்லே நம்பவைக்கிறது. ‘நீரால்’ என்று விரித்தாலும் மூன்றாம் வேற்றுமை கருவியைச் சுட்டுகிறதே அன்றி, அக்கருவி அழிகிறதா மீள்கிறதா என்பதைச் சுட்டுவதில்லை. ஆகவே என் குறிப்பேட்டில் மூடிய சுற்றை ‘நீர்வழி வெப்ப வெளியேற்றம்’ என்றும், கோபுர முறையை ‘ஆவிவழி வெப்ப வெளியேற்றம்’ என்றும் தற்போது எழுதிவருகிறேன். இவற்றினும் பொருத்தமான சொற்களை நண்பர்கள் ஆண்டுவந்தால் அறியத்தருக.