நாரி நோவும் கால் விறைப்பும்: அமெரிக்க முன்னாள் படையினருக்கான நட்டஈட்டு விண்ணப்பம்

அமெரிக்காவில் வளர்ந்து அந்நாட்டுப் படையில் சேவை செய்த எமது பிள்ளைகள் சிலர், நாரி நோவுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் கால் விறைப்பைச் சொல்லாமல் விடுகிறார்கள். முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்தின் விதிப்படி இவை இரண்டும் தனித்தனியே மதிப்பிடப்பட வேண்டியவை.

எவற்றை நிறுவ வேண்டும்?
இப்போது நோய் இருப்பது, சேவைக் காலத்தில் காயமோ நோயோ ஏற்பட்டது, இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். நாரிப் பாதிப்பு ஏற்கப்பட்டால், கால் நரம்புப் பாதிப்பு அதனால் வந்தது என்ற வைத்தியரின் விளக்கம் போதும். கால் நோ சேவைக் காலத்திலேயே தொடங்கியிருக்கத் தேவையில்லை.

நாரிக்கான வீதம்
முன்னே குனியக்கூடிய அளவு 60 பாகைக்கு மேல் 85 வரை என்றால் 10 வீதம். 30க்கு மேல் 60 வரை என்றால் 20. 30 அல்லது அதற்குக் குறைவு என்றால் 40.

சயாட்டிக் நரம்புக்கான வீதம்
இலேசானது 10, நடுத்தரம் 20, ஓரளவு கடுமையானது 40, தசை நன்றாக மெலிந்த கடுமையான நிலை 60, முழுச் செயலிழப்பு 80. உணர்வுக் குறைவு மட்டும் என்றால் பொதுவாக 20ஐத் தாண்டாது. இரு கால்களும் தனித்தனியே கணக்கிடப்படும்.

கூட்டும் முறை
நாரிக்கு 40, ஒரு காலுக்கு 20 என்றால் மொத்தம் 60 அல்ல. 100இல் 40 போக மிஞ்சும் 60இன் 20 வீதம் 12. ஆக 52, கிட்டிய பத்துக்கு மாற்றினால் 50. இரு கால்களும் பாதிக்கப்பட்டால், அவற்றின் கூட்டு வீதத்தோடு அதன் பத்தில் ஒரு பங்கு மேலதிகமாகச் சேரும்.

விண்ணப்பம்
விண்ணப்பிக்கும் எண்ணத்தை முதலில் பதிந்தால் அந்தத் திகதி ஓராண்டுக்குக் காக்கப்படும். நிலுவைப் பணம் அந்தத் திகதியிலிருந்து கிடைக்கக்கூடும். பின்னர் 21-526ஈஇசெட் படிவத்தில் நாரியையும் ஒவ்வொரு காலையும் தனி வரிகளில் எழுதுங்கள். சேவை விடுகைப் பத்திரமான டிடி 214ஐயும் வைத்தியப் பதிவுகளையும் இணையுங்கள்.

வைத்தியப் பரிசோதனை
இதற்குப் போகாமல் விட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். பல்லைக் கடித்துக்கொண்டு குனிய வேண்டாம். எந்த இடத்தில் நோ தொடங்குகிறது, நோ கூடும் நாட்களில் எதைச் செய்ய முடியாது, கால் எதுவரை விறைக்கிறது என்பவற்றை உள்ளபடி சொல்லுங்கள். "பரவாயில்லை" என்று சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு இதைப் பெற்றோர் முன்கூட்டியே எடுத்துச் சொல்வது நல்லது.

கட்டணமும் மேன்முறையீடும்
அங்கீகாரம் பெற்ற முன்னாள் படையினர் சங்கப் பிரதிநிதிகள் இலவசமாக உதவுவார்கள். முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தருவதற்குக் கட்டணம் வாங்கச் சட்டம் இடமளிக்கவில்லை. பங்கு கேட்பவரை விலக்குங்கள். தீர்ப்பு பாதகமானால் ஓராண்டுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். கிடைக்கும் நட்டஈட்டுக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை.