எப்ஸ்டீன்-பார் வைரஸும் புற்றுநோயும்

எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதரில் புற்றுநோயுடன் தொடர்புள்ளதாக முதலில் அறியப்பட்ட வைரஸ் இதுவே. 1964இல் லண்டனில் ஆந்தனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகியோர் பர்கிட் நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்களில் இதைக் கண்டனர். எச்சில் வழியே பரவும் இது, உலகில் வயதுவந்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் உடலில் வாழ்நாள் முழுதும் தங்கியிருக்கிறது.

செயல்முறை: வைரஸ் பி வகை வெள்ளணுக்களில் ஒடுங்குகிறது. அதன் மரபுப்பொருள் வளையமாக உட்கருவில் இருக்கும். ஈபிஎன்ஏ-1 புரதம் அதைக் குரோமோசோமுடன் பிணைப்பதால், செல் பிரியும்போது சேய்ச் செல்களுக்கும் போய்ச் சேருகிறது. எல்எம்பி-1 புரதம், வெளித்தூண்டல் இல்லாமலேயே செல்லைப் பெருகச் செய்கிறது. சாகவேண்டிய செல்லையும் பிழைக்க வைக்கிறது. டி வகை வெள்ளணுக்கள் வைரஸை அடக்கிவைப்பதாலும், புற்றுநோய்க்கு வேறு மரபணு மாற்றங்களும் தேவை என்பதாலும், மிகச் சிலரே பாதிக்கப்படுகின்றனர்.

மொன்றியல்: உறுப்பு மாற்றத்துக்குப் பின் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் தரப்படும்போது டி வகை வெள்ளணுக்களின் இக்காவல் தளர்கிறது. முன்பு தொற்றே இல்லாத குழந்தைக்கு, தானமாகப் பெற்ற உறுப்புடன் வைரஸும் வந்தால் நிணநீர்த்திசுப் பெருக்க நோய்க்கான ஆபத்து மிகுதி. கனடாவின் மொன்றியல் நகரில் 1907இல் நிறுவப்பட்ட சென்ட்-ஜஸ்டின் குழந்தைகள் மருத்துவமனையில் இந்நோய் ஆராயப்பட்டுள்ளது. இரத்தத்தில் வைரஸ் அளவைக் கண்காணித்தல், அடக்கு மருந்தைக் குறைத்தல், ரிட்டுக்ஸிமாப் என்னும் மருந்தைச் செலுத்துதல் ஆகியவை வழக்கமான நடவடிக்கைகள். உயர்சிகிச்சைக்கு மொன்றியல் வரும் வடகியூபெக்கின் நுனாவிக் பகுதி இன்யூட் மக்கள், இவ்வைரஸ் சார்ந்த மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அதிகம் காணப்படும் இனத்தவர்.

பிற: இதே ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த, 1994இல் கண்டறியப்பட்ட மனித ஹெர்ப்பிஸ் வைரஸ்-8, கபோசி புற்றுநோயை உண்டாக்குகிறது.