1,285 வாக்குகள்: விருதுநகர், 1967

1967 பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில், விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் தி.மு.க.வின் பெ. சீனிவாசன் 33,421 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்து நின்ற காமராசருக்குக் கிடைத்தவை 32,136. வித்தியாசம் 1,285. அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், ஒன்பதாண்டுக் காலம் முதலமைச்சராக இருந்தவர், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அறிமுகமான ஒரு மாணவர் தலைவரிடம் சொந்த ஊரில் தோற்றார். அன்று முதல் இன்றுவரை மேடைகளிலும் நினைவுக் கட்டுரைகளிலும் ஒரே தீர்ப்புதான் வாசிக்கப்படுகிறது: பெற்ற ஊரே கைவிட்டது. விருதுநகர் மக்களை நன்றி மறந்தவர்கள் என்று பழிக்கும் இந்தத் தீர்ப்பை அந்த ஊரின் அரசியல் வரலாறும் தாங்கவில்லை, தேர்தல் கணக்கும் தாங்கவில்லை என்பதே என் வாதம்.

1923இல் விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுப்பட்டி ஒரு வணிக ஊர். வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று மண்டிகளால் வாழ்ந்த ஊர். மூட்டைக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தங்களுக்குள்ளே திரட்டிக்கொண்ட மகமைப் பணத்தில் பொதுக் காரியங்கள் நடந்தன. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் அதைத் தாங்கியது. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899இல் சிவகாசிக் கலவரத்தையும் பார்த்த நாடார் சமூகம் தானே கட்டிக்கொண்ட உலகம் இது. அந்தச் சமூகத்தின் வசதியுள்ள வணிகர்கள் நீதிக்கட்சியின் பக்கமும் சுயமரியாதை இயக்கத்தின் பக்கமும் சாய்ந்ததில் வியப்பில்லை. 1931இல் மாகாணச் சுயமரியாதை மாநாடு விருதுநகரில்தான் கூடியது. வி.வி. இராமசாமி நாடார் போன்ற உள்ளூர்ப் பெரியவர்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்த இளைஞர் காமராசர் காங்கிரசுக்குப் போனது ஊர்ப் பெரிய வணிகர்களின் போக்குக்கு எதிரான முடிவு. 1937இல் சாத்தூரிலிருந்து சட்டமன்றம் சென்றார். 1941இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் பதவியை விட்டு விலகினார். ஆக, இந்த ஊர் தொடக்கத்திலிருந்தே ஒரு கட்சியின் ஊராக இருந்ததில்லை. திராவிட அரசியலின் விதை அங்கே விழுந்தது 1967இல் அல்ல, அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பு. அந்த மரபின் மூத்தவரான பெரியாரே 1967இல் காமராசருக்காகக் காங்கிரசை ஆதரித்தார் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த மரபும் அப்போது இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தது.

பழிச்சொல் மறைக்கிற இன்னொரு செய்தி உண்டு. சுதந்திரத்துக்குப் பின் காமராசர் 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் ஜி.டி. நாயுடுவை வென்றார். முதலமைச்சரானதும் 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில், தி.மு.க.வின் ஆதரவோடு, வென்றார். 1957, 1962 இரண்டிலும் சாத்தூர். தன் ஊரின் பெயர் தாங்கிய தொகுதியில் அவர் நின்றது 1967இல்தான். காலங்காலமாக அவருக்கு வாக்களித்து வந்த தொகுதி திடீரென்று திரும்பிக்கொண்டது என்ற சித்திரம் இங்கேயே உடைந்துவிடுகிறது. தேர்தல் ஆணையத்தின் கணக்கும் தொகுதியின் கணக்கே. நகராட்சி எல்லைக்குள் விழுந்த வாக்கை மட்டும் அது சொல்வதில்லை. மழையை நம்பிய சுற்றுவட்டாரக் கரிசல் கிராமங்களும் அதில் அடக்கம்.

1956இல் இதே ஊரில் நடந்த ஓர் உண்ணாவிரதத்தின் கதையை விட்டுவிட்டு 1967ஐப் புரிந்துகொள்ள முடியாது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை வைத்து, தியாகி சங்கரலிங்கனார் அந்த ஆண்டு ஜூலை 27ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் காந்தியவாதி, பழைய காங்கிரஸ்காரர். இரண்டரை மாதம் பட்டினி கிடந்து, அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர்நீத்தார். அப்போது முதலமைச்சர் காமராசர். ஒரே ஊரின் இரண்டு மகன்கள், ஒருவர் கோட்டையில், ஒருவர் பந்தலில். 1967 வாக்காளர் ஒவ்வொருவரும் இதை நினைத்து முத்திரை குத்தினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மொழி, மாநிலம் பற்றிய குறை இந்த ஊருக்கு வெளியூர் மாணவர்கள் கொண்டுவந்து கொடுத்ததல்ல.

1965 ஜனவரியில் மதுரையில் வெடித்த இந்தி எதிர்ப்பு, துப்பாக்கிச் சூடுகளோடு மாநிலம் முழுவதும் பரவியது. அதை ஒடுக்கியது பக்தவத்சலம் அரசு. காமராசர் அப்போது தில்லி அரசியலின் நடுவில் இருந்தார். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் வறட்சி, அரிசித் தட்டுப்பாடு, 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு. தானியத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவே கட்டுப்பாடுகள் இருந்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. காமராசரையும் பக்தவத்சலத்தையும் 'அண்ணாச்சி' என்று விளித்து, கடலைப்பருப்பும் அரிசியும் என்ன விலை என்று கேட்ட முழக்கம் தெருத்தெருவாக ஒலித்தது. பருப்பு மண்டியில் பிழைக்கிற ஊரில் இந்தக் கேள்வி எப்படி இறங்கியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். வாங்குகிறவருக்கு விலை சுமை, விற்கிறவருக்குக் கட்டுப்பாடு சுமை. இரண்டு பேருக்கும் அரசின் மேல் மனக்குறை இருக்க இடமிருந்தது.

1967 ஜனவரி 12 அன்று தி.மு.க.வின் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரொட்டியாகி ஊரூராகப் போனது. காமராசரோ கார் விபத்தில் காயம்பட்டுப் பிரச்சாரத்துக்குப் போக முடியாமல் இருந்தார். படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்று அவர் சொன்னதாகப் பரவிய பேச்சு அவருக்கு எதிராகவே திரும்பியது.

இனி எண்கள். இரண்டு முதன்மை வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டினால் 65,557. அதில் காமராசரின் பங்கு 49 விழுக்காடு. மாநிலம் முழுவதும் காங்கிரஸ் பெற்றது ஏறக்குறைய 41 விழுக்காடுதான். ஒன்று இருவருக்கிடையிலான கணக்கு, மற்றொன்று எல்லோரையும் சேர்த்த கணக்கு என்பதால் இவற்றை அப்படியே ஒப்பிட முடியாது. என்றாலும் காமராசர் தன் கட்சியைவிடக் கீழே போனார் என்று சொல்ல இதில் ஆதாரமில்லை. 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் முடிவே மாறியிருக்கும். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அமைச்சர்களில் பூவராகன் மட்டுமே தப்பினார். அந்தப் பெரும்பழி ஸ்ரீபெரும்புதூர் மீது விழவில்லை, விருதுநகர் மீது மட்டும் விழுந்தது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாநிலக் கணக்கை இன்னும் உற்றுப் பார்த்தால் காரணம் துலங்கும். 1962இல் காங்கிரஸ் 46 விழுக்காடு பெற்று ஆட்சியமைத்தது. 1967இல் அது இழந்தது ஐந்து விழுக்காடு. தி.மு.க.வும் ஏறக்குறைய அதே 41 விழுக்காட்டில்தான் நின்றது. ஆனால் 137 இடங்களை வென்றது, காங்கிரசுக்கு 51 மட்டுமே. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும் மார்க்சிஸ்டுகளையும் முஸ்லிம் லீக்கையும் ஓரணியில் நிறுத்திய அண்ணாவின் தொகுதி உடன்பாடு, முன்பு சிதறிப்போன வாக்குகளைத் தொகுதிக்கு ஒரே வேட்பாளரின் பின்னால் கொண்டுவந்தது. விருதுநகரின் 1,285 வாக்குகளை இந்தக் கூட்டலிலிருந்து பிரித்துத் தனியாக ஓர் ஊரின் குணமாகப் பார்ப்பது தவறு.

1967 ஜூலை 18 அன்று, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த அவையில் சங்கரலிங்கனாரின் ஊருக்கான உறுப்பினர் சீனிவாசன். காமராசர் 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்றார். அதற்குள் தி.மு.க. ஆட்சிக்கு வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரிசிக்கும் விலைக்கும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு கைமாறியிருந்தது. சுதந்திராக் கட்சி வேட்பாளரை அவர் 1,28,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.